மூலையில் பூஜ்யம், ஒன்று, ஆர்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, ஃபேன் சத்தத்துல கேக்காது. கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் வேலையில பாதி மிஷினைச் சரி பண்றது, மீதிப் பாதி "நான் ஒண்ணுமே பண்ணலியே"ன்னு ஆளாளுக்குச் சொல்றதை நின்னு கேக்கறது. நீங்களும் இந்தத் தொழில்ல மாட்டினவரா இருந்தா இப்பவே தலையாட்டியிருப்பீங்க.

நான் எட்டாவது தாண்டாதவன். ரேடியோ, டிவின்னு பாத்துட்டு தொண்ணூத்தெட்டு வாக்கில கம்ப்யூட்டர் பக்கம் வந்தேன். ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் ஒரு பழைய மொபெட்டுதான் துணை. அந்த நாள்ல எனக்கு வந்த கேஸுல பாதி ஒரே நோய். திரையில வலது மூலையில மூணு பட்டன் இருக்குமே, சின்னக் கோடு, கட்டம், பெருக்கல் குறி. கோட்டைத் தொட்டா பக்கம் கீழ இறங்கும், கட்டத்தைத் தொட்டா பெரிசாகும், பெருக்கலைத் தொட்டா மூடிக்கும். அதெல்லாம் படம்னு நாம நெனைக்கிறோம். இல்ல, அது குறி ஃபான்ட்னு ஒண்ணு மாட்டிவிட்ட வேஷம். உள்ள இருக்கறது வெறும் எழுத்து. அந்த ஃபான்ட் கெட்டுப்போனா வேஷம் கலைஞ்சு, பூஜ்யம், ஒண்ணு, இங்கிலீஷ் ஆர்னு மூணும் அம்மணமா நிக்கும்.

மருந்து ரொம்பச் சின்னது. எஃப் எட்டை அழுத்தி சேஃப் மோடுல ஒரு தடவை ஏத்தி எறக்கினா பெரும்பாலும் சரியாயிடும். பத்து நிமிஷ வேலை. அதுக்குத்தான் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னாடி ரெண்டு மணி நேரம் புழுதி குடிச்சிக்கிட்டு நிப்பேன்.

லாரி ஆபீஸ்

எர்ணாவூர்ல ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். கிளார்க் போன் பண்ணி, "சீக்கிரம் வா நைனா, மிஷின் பேத்துது"ன்னான். மே மாச வெயில். போய் எறங்கும்போது என் சட்டை கலர் மாறியிருந்தது. உள்ள ஓனர், இருபது வருஷம் லாரி ஓட்டினவர், அந்தக் கெட்ட மிஷின்லயே நிம்மதியா வேலை பாத்துக்கிட்டிருந்தார். மூலையில பூஜ்யம், ஒண்ணு, ஆர்.

நான் எஃப் எட்டு கிட்ட விரலைக் கொண்டுபோனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். "எதுக்கு மாத்தறே? ஜீரோ நியூட்ரல், போட்டா கீழ எறங்கிடுது. ஒண்ணு ஃபர்ஸ்ட் கியர், போட்டா பெருசாவுது. ஆர் ரிவர்ஸ், போட்டா வெளிய வந்துடறேன். இப்பத்தான் நைனா இந்த மிஷினே எனக்குப் புரிய ஆரம்பிச்சிக்கீது."

யார் தொட்டது

இனி சொல்லப்போறதெல்லாம் ராயபுரத்துல, ஹார்பர் கேட்டுக்குப் பக்கத்துல இருந்த ஒரே ஆபீஸ்ல நடந்தது. கப்பல்ல ஏத்தற சரக்குக்குப் பேப்பர் போட்டுக் குடுக்கற ஆபீஸ். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அண்ணாச்சின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. டைப்பிஸ்ட் பிலோமினா அக்கா. இருபத்திரண்டு வருஷம் டைப்ரைட்டர்ல அடிச்ச கை. அந்த வருஷம்தான் இங்கிலீஷ், தமிழ் ரெண்டு டைப்ரைட்டருக்கும் உறையைப் போட்டு ஓரமா வெச்சுட்டு, அவங்க முன்னாடி கம்ப்யூட்டரை வெச்சாங்க. மேனேஜர் குணா, காசிமேட்டுப் பையன், முப்பது வயசு இருக்கும்.

பூஜ்யம், ஒண்ணு, ஆர் வந்துடுச்சுன்னு கூப்பிட்டாங்க. நான் போனப்போ தீர்ப்பே முடிஞ்சிருந்தது. "டைப்ரைட்டர்னு நெனச்சிகினு ஓங்கி ஓங்கி அடிக்கிறாங்க நைனா. உள்ள இன்னாமோ ஒடைஞ்சிருக்கும்"னு குணா சொன்னான். அடிச்சா ஃபான்ட் ஒடையாதுன்னு சொன்னேன். யாரும் காதுல வாங்கல. பிலோமினா அக்கா மட்டும் கையை மடியில வெச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னாங்க: "நான் எழுத்து மேலதான் கை வெச்சேன்ணே. அந்த மூலைக்குப் போவவே இல்ல."

மூணாவது தடவை

சரி பண்ணிட்டு வந்தேன். பத்து நாள்ல மறுபடி அதே. சரி பண்ணினேன். அதே மாசம் மூணாவது தடவை. வியாதி திரும்பத் திரும்ப வந்தா டாக்டரையும் சந்தேகப்படுவாங்க இல்லியா, என்னையும் ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சாங்க.

அண்ணாச்சி வெத்தலையைத் துப்பிட்டு வந்து நின்னார். கெட்ட மனுஷன் இல்ல. ஆனா கப்பல் காத்துக்கிட்டு நிக்காது, பேப்பர் போகலைன்னா சரக்கு கரையில கெடக்கும். பிலோமினா அக்கா வீட்டுல வேலைக்குப் போறது அவங்க ஒருத்தர்தான்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாக்காம, மிஷினைப் பாத்துச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நானே பின்னால உக்காந்து பாப்பேன். அன்னைக்கும் வேல நின்னு போச்சின்னா, கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைய ஒண்ணை வச்சிருவேன். நீ வீட்டுல இருந்துக்கம்மா."

எழுத்துக் குப்பை

அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. ஃபான்ட் வெச்சிருக்கற இடத்தைத் தொறந்து பாத்தேன். எண்ணி மாளல. பூ விடற எழுத்து, நெருப்பு எரியற எழுத்து, கொடி சுத்தின எழுத்து, எல்லாம் தமிழ். கப்பல் பேப்பருக்கு எதுக்குய்யா நெருப்பு எரியற 'க'? குணாவைத் திரும்பிப் பாத்தேன். அவன் காலண்டரைப் பாத்தான்.

விஷயம் இதுதான். குணா அவங்க தெரு கேரம் கிளப்புக்குச் செயலாளர். ஞாயித்துக்கிழமை ஃபைனல்ஸ். பிலோமினா அக்கா சாப்பிடப் போற நேரத்துல அவங்க சீட்டுல உக்காந்து நோட்டீஸ் போட்டுக்கிட்டிருந்தான். ஒரு எழுத்து புடிக்கலைன்னா சிடியில இருக்கற அத்தனையும் உள்ள கொட்டுவான். மிஷின் எவ்வளவு தாங்கும்? பாரம் தாங்காம முதல்ல விழறது அந்தக் குறி ஃபான்ட்தான். "அண்ணாச்சிகிட்ட மட்டும் ஓதிடாத நைனா, நோட்டீஸ் முடியட்டும்"னு கையைப் புடிச்சான். அந்த ஆபீஸுக்கு என்னைக் கூப்பிடறவனே அவன்தான். நான் வாயை மூடிக்கிட்டேன். பெருமையாச் சொல்லல, நடந்ததைச் சொல்றேன்.

ஆனா மனசு கேக்கல. குப்பையை அள்ளிப் போட்டுட்டு, வாசல்ல பிலோமினா அக்காவை நிறுத்தி எல்லாத்தையும் சொன்னேன். அவங்க கோவப்படுவாங்க, நேரா அண்ணாச்சிகிட்ட போவாங்கன்னு நெனச்சேன். அவங்க கைப்பையிலேர்ந்து ஷார்ட்ஹேண்ட் நோட்டையும் பென்சிலையும் எடுத்தாங்க. "யாரு பண்ணான்றது கெடக்கட்டும்ணே. மூலையில குறியே இல்லன்னா எந்தக் கட்டையத் தட்டி மூடறது, எந்தக் கட்டையத் தட்டி எறக்கறது, அத்த சொல்லு."

வெள்ளிக்கிழமை

என்னையும் வரச் சொல்லியிருந்தாங்க. மத்தியானம் அக்கா சாப்பிட்டுட்டு வந்து மிஷினை ஏத்தினாங்க. பூஜ்யம், ஒண்ணு, ஆர். அந்தச் சாப்பாட்டு நேரத்துல மறுபடி எழுத்தைக் கொட்டியிருக்கான். குணா ஜன்னலுக்கு வெளிய எதையோ தேடிக்கிட்டிருந்தான். பின்னாடி நாற்காலியில அண்ணாச்சி, "போச்சா?"ன்னார்.

பிலோமினா அக்கா மவுஸை எடுத்து மானிட்டருக்குப் பின்னாடி வெச்சாங்க. அப்புறம் பத்து விரலும் கட்டை மேல. பேப்பரை அடிச்சாங்க, ஆல்ட்டோட எஃப் நாலைத் தட்டி மூடினாங்க, அடுத்ததைத் தொறந்தாங்க. மூலைப் பக்கம் கண்ணே போகல. பிரிண்டர் கிர்ருகிர்ருன்னு மூணு பேப்பரைத் தள்ளிச்சு. அண்ணாச்சி ஒவ்வொண்ணா எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிப் படிச்சுப் பாத்தார். ஒரு தப்பு இல்ல. அப்புறம் குணாவைக் கூப்பிட்டு, "நீ ஒரு தடவ மூடிக் காட்டு"ன்னார். அவன் மவுஸைத் தேடி எடுத்து, பூஜ்யத்தைத் தட்டினான். பக்கமே காணாமப் போச்சு. அவன் அதைத் தேடித் தேடி, வேற ரெண்டு பக்கத்தைத் தொறந்துவிட்டான்.

"யாரும்மா இத கெடுத்தது?"ன்னு அண்ணாச்சி அக்காவைக் கேட்டார். குணா மவுஸைக் கீழ வெச்சான். "அது அப்பப்ப வர்ற நோவு அண்ணாச்சி"ன்னாங்க அக்கா. அண்ணாச்சி எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார். "நோவு வந்தாலும் உனக்கு வேல ஓடுது, மேனேஜருக்கு ஓடலியே. இனி இந்தப் பொட்டிய உன்னத் தவிர ஒருத்தன் தொடப்படாது."

நோட்டீஸ்

மறுநாள் சனிக்கிழமை. அடுத்த நாள் ஃபைனல்ஸ், நோட்டீஸ் இல்ல. குணா அக்கா மேஜைக்கு முன்னாடி நின்னு காலால தரையைத் தேச்சிக்கிட்டிருந்தான். நான் அன்னைக்கு ஃபான்ட் அள்ளிப்போட வந்தவன், ஓரமா நின்னு பாத்தேன். அக்கா எழுந்து, மூலையில இருந்த தமிழ் டைப்ரைட்டர் உறையைக் கழட்டி, ஊதி, கார்பன் வெச்சு, அவன் சொல்லச் சொல்ல அடிச்சாங்க. டீம் பேரு, நேரம், இடம், கோப்பை குடுக்கறவர் பேரு, எல்லாம்.

"ஒரு பூ கூட இல்லியேக்கா"ன்னான் குணா.

"பூ போட்டா குறி உதிருது. வாய மூடிகினு நில்லு."

நோட்டீஸுன்னா அடியில அச்சகத்தோட பேரைப் போடறது நம்ம பக்கத்து வழக்கம் இல்லியா. அக்கா கடைசி வரிக்கு எறங்கினாங்க. யாரையும் கேக்கல. நிதானமா அடிச்சு, தாளை உருவி அவன் கையில குடுத்தாங்க. அவன் படிச்சிட்டு என்னைப் பாத்தான், நான் எட்டிப் படிச்சேன்: "தயாரிப்பு: பிலோமினா, தலைமை, கம்ப்யூட்டர் பிரிவு."

அன்னைக்குச் சாயந்திரமே அது ஜெராக்ஸாகி காசிமேடு முழுக்கச் சுவத்துல ஏறிடுச்சு; போகப்போக நான் சரி பண்ணின மிஷின் ஒண்ணு விடாம மறுபடி கெட்டுப்போச்சு, அந்தக் கடைசி வரியைத் திருத்தற தைரியம் மட்டும் அண்ணாச்சி உட்பட யாருக்கும் வரல.