இரண்டு பொத்தான்களுக்கு ஒரே சொல்

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன மறுநாளிலிருந்து றாஹிலா தன் வாப்பாவைத் தேடினாள். சாய்ந்தமருதில் அவர்கள் வீட்டின் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியிருந்தது. பள்ளிவாசலில் தஞ்சமடைந்திருந்த உம்மாவையும் தங்கையையும் கண்டுவிட்டாள். வாப்பா மீராசாவைத்தான் எங்கும் காணவில்லை. பாடசாலை முகாம்கள், ஆஸ்பத்திரிகள் என்று அலைந்து, சுவர்களில் ஒட்டியிருந்த பெயர்களை வாசித்துக்கொண்டே நடந்தாள். அம்பாறை ஆஸ்பத்திரிச் சுவரில் ‘எம். ராசா’ என்று ஒரு பெயர் இருந்தது. யாரோ தமிழ் ஆள் என்று நினைத்து அதைப் பல தடவை கடந்து போனாள். கடைசியில் ஒரு தாதி சொல்லித்தான் உள்ளே போய்ப் பார்த்தாள். கால் முறிந்து கிடந்த அந்த எம். ராசா அவளுடைய வாப்பாதான்.

ஆளுக்கொரு விதமாக எழுதினால் மனிதர் தொலைந்துபோவார் என்ற எண்ணம் அன்றைக்கு அவளுக்குள் ஏறியது. பிறகு அது இறங்கவேயில்லை.

அப்போது அவள் கல்முனையில் ஒரு தனியார் நிலையத்தில் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். இடம்பெயர்ந்தவர்களையும் காணாமற் போனவர்களையும் பதிந்து தேடுவதற்குத் தொண்டர்கள் சிலர் ஒரு மென்பொருள் செய்திருந்தார்கள். எவரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தவும் செய்யலாம் என்று அதை இணையத்தில் விட்டிருந்தார்கள். அதற்குத் தமிழில் வழிகாட்டி எழுத ஆட்கள் தேவை என்று கேள்விப்பட்டு றாஹிலாவும் சேர்ந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், சென்னையிலிருந்து இருவர், கனடாவிலிருந்து ஒருவர், பக்கத்துக் காரைதீவிலிருந்து தர்மிகா என்ற கணித ஆசிரியை. எல்லோரும் தங்கள் வேலை முடிந்த பிறகு ஆளுக்குச் சில பக்கங்கள் எழுதினார்கள்.

எழுதி வந்ததைச் சேர்த்து வாசித்தபோது றாஹிலாவுக்குத் தலை சுற்றியது. ஒருவர் ‘சொடுக்குக’ என்றார், ஒருவர் ‘கிளிக் பண்ணுங்கோ’ என்றார், இன்னொருவர் ‘அமத்தவும்’ என்றார். ஒரு பக்கத்தில் அகதியாக இருந்தவர் அடுத்த பக்கத்தில் இடம்பெயர்ந்தவராகி, அதற்கடுத்த பக்கத்தில் பயனாளியாக இருந்தார். முகாமில் குந்தியிருந்து இதை வாசிக்கிற ஆள் என்ன செய்வார்? முழுவதையும் ஒரே நடைக்குக் கொண்டுவரும் பொறுப்பைத் தானே ஏற்றாள். ஒரு வசனத்தில் ஒரு வேலை. எல்லா அறிவுறுத்தலும் ‘வும்’ என்று முடிய வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரே சொல். மாதக்கணக்காக இருந்து பக்கம் பக்கமாகத் திருத்தினாள். வழிகாட்டி வெளிவந்தபோது, ஒரே ஆள் எழுதியது போல இருக்கிறது என்று பலர் எழுதினார்கள். அந்தப் பாராட்டு அவளுக்கு நிரம்பப் பிடித்திருந்தது.

அந்த மென்பொருளில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. முகாமொன்றை விட்டு ஒருவர் போய்விட்டால் அவருடைய பெயரை அந்த முகாமின் அன்றாடப் பெயர்ப்பட்டியலான இடாப்பிலிருந்து எடுக்க ஒன்று. அதை அமத்தினாலும் பதிவு உள்ளே இருக்கும், தேடினால் வரும். மற்றது, தவறாகப் பதிந்ததை அடியோடு இல்லாமற் செய்ய. இந்த இரண்டையும் எழுதியவர்கள் முடி, மூடு, அகற்று, அழி, எடுத்துவிடு என்று விதம்விதமாக எழுதியிருந்தார்கள். றாஹிலா எல்லாவற்றையும் ‘நீக்கு’ ஆக்கினாள். திரையில் தெரியும் பொத்தான்களின் பெயரையும் அப்படியே மாற்றினாள்.

தர்மிகா மின்னஞ்சல் போட்டாள். இரண்டும் வேறு வேறு வேலை, ஒரே சொல்லைப் போட்டால் ஆட்கள் மாறி அமத்திவிடுவார்கள் என்று எழுதியிருந்தாள். தனியாக அல்ல, எல்லோரும் பார்க்கும் குழு அஞ்சலில். அது றாஹிலாவுக்குச் சுட்டது. ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் வளைந்தால் பழைய குழப்பம்தான் திரும்பி வரும், இரண்டு பொத்தான்களும் வெவ்வேறு திரைகளில்தானே இருக்கின்றன என்று, எல்லோரும் பார்க்கவே பதில் எழுதினாள். தர்மிகா அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் எழுதுவதையும் விட்டுவிட்டாள். தொல்லை விட்டது என்று றாஹிலா நினைத்தாள்.

வருடங்கள் போயின. றாஹிலா நிப்றாஸை மணமுடித்தாள், ஒரு மகள் பிறந்தாள். வன்னியில் யுத்தம் முடிந்துகொண்டிருந்தபோது, அக்கரைப்பற்றில் ஒரு தொண்டு அமைப்பு தகவல் நிலையமொன்றைத் திறந்தது. வன்னியில் சொந்தக்காரர் உள்ளவர்கள் அங்கே வந்து தேடலாம். வவுனியா முகாம்களிலிருந்து வரும் பெயர்களைத் தம்பிமுத்து என்ற ஓய்வுபெற்ற தபாலதிபர் அந்த மென்பொருளில் பதிந்தார். பக்கத்தில் வழிகாட்டியை விரித்து வைத்துக்கொண்டு, அதில் சொன்னபடியே செய்தார்.

யுத்தம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேலான பிறகு, வழிகாட்டியில் இருந்த இலக்கத்தைப் பார்த்து அவர் றாஹிலாவுக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரு தடவை நிலையத்துக்கு வந்து போகச் சொன்னார்.

அவள் போனாள். ஆலையடிவேம்பு கலாராணி என்றொரு பெண்ணைப் பற்றி அவர் சொன்னார். அவளுடைய தம்பி தினேஸ் கிளிநொச்சியில் மெக்கானிக்காக இருந்தவன். முகாமொன்றிலிருந்து அவன் பெயர் வந்தது, தம்பிமுத்து பதிந்தார். பிறகு, காயத்துக்கு மருந்து கட்ட வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அவனை அனுப்பிவிட்டதாக முகாமிலிருந்து அறிவித்தார்கள். இடம் மாறியவரின் பதிவை நீக்கவும் என்று வழிகாட்டி சொன்னது. நீக்கினார். அதற்குப் பிறகுதான் கலாராணி தேடி வந்தாள். பெயர் வரவில்லை. கிழமைக்குக் கிழமை வந்தாள், வரவேயில்லை. தினேஸ் இருந்த இடத்தில் ஷெல் விழுந்ததென்று யாரோ சொன்னார்கள். கணினியிலும் இல்லை, ஆளும் இல்லை. படத்துக்கு மாலை போட்டு, செத்தவனுக்குச் செய்யும் கிரியைகளை எல்லாம் செய்து முடித்தார்கள். அந்தக் கவலையோடு அவர்களுடைய தாய் படுத்தாள், எழும்பவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, முகாம் என்று சுற்றி தினேஸ் உயிரோடு வீட்டுக்கு வந்தான்.

எப்படி நீக்கினீர்கள் என்று றாஹிலா கேட்டாள். அவர் ஒரு வெற்றுப் பதிவைப் போட்டுச் செய்து காட்டினார். பிழையான திரை, அடியோடு அழிக்கும் பொத்தான். அதிலும் ‘நீக்கு’ என்ற அவளுடைய சொல்தான் இருந்தது.

“நீங்க எழுதினதத்தான் நான் செஞ்ச, மகள்,” என்றார் தம்பிமுத்து. குற்றம் சொல்லும் குரலில்லை. தான் செய்தது சரியா என்று கேட்பது போலத்தான் இருந்தது.

“ஓம். நான் எழுதினதுதான்,” என்றாள்.

வீட்டுக்கு வந்து நிப்றாஸிடம் சொன்னாள். ஷெல் அடித்தது நீயா, அந்தத் தாய் ஏற்கெனவே மருந்தெடுத்துக்கொண்டிருந்த வருத்தக்காரியாம், தபாலதிபரும் ஒரு தடவை யாரையாவது கேட்டிருக்கலாம் என்று அவன் ஆறுதல் சொன்னான். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தர்மிகாவுக்குத் தான் எழுதிய பதில் அவளுக்கு எழுத்தெழுத்தாக நினைவில் இருந்தது. தெரியாமல் செய்யவில்லை. ஒருத்தி சொன்னாள், சொன்னவளை இவள் வாயடைக்கச் செய்தாள். தொழுதுவிட்டுக் கையேந்தினால் வார்த்தை வரவில்லை. மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதரிடம்தான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்திருந்தார்கள்.

ஆலையடிவேம்புக்குத் தனியாகப் போனாள். கலாராணி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தினேஸ் வாசலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கதிரை எடுத்துப் போட்டு, கடையிலிருந்து சோடா வாங்கிவந்து கொடுத்தார்கள். றாஹிலா அதைக் கையில் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். தர்மிகாவின் மின்னஞ்சலையும் மறைக்கவில்லை.

கலாராணி காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

“எனக்குக் கம்பியூட்டர் விளங்காது, தங்கச்சி. என்ட அம்மா, மகன் இல்ல என்டு நினைச்சுத்தான் செத்த. அத ஒங்களால மாத்தேலுமா?”

“ஏலாது, அக்கா.”

“அப்ப நான் மன்னிச்சி என்ன ஆகப்போகுது?”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நெல்லைப் பார்க்கப் போய்விட்டாள். றாஹிலாவுக்கு எழும்பவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. வாசலிலிருந்து தினேஸ் கேட்டான்.

“என்ட பேர் மட்டுமா அழிஞ்ச?”

அவள் அதை யோசித்திருக்கவில்லை. தன் குற்றத்தைச் சுமந்து வருவதிலேயே நாட்களைக் கழித்திருந்தாள்.

“தெரியா,” என்றாள்.

“அப்ப அதப் பாருங்க.”

அன்று பின்னேரமே தர்மிகாவின் வீட்டுக்குப் போனாள். அவள் வீட்டில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. நடந்ததைத் தர்மிகா முழுதாகக் கேட்டாள். பிறகு, “நான் இன்னொருக்கா சொல்லியிருக்கணும், அக்கா. ரோசத்தில விட்டுட்டன்,” என்றாள். அப்படிச் சொல்ல வேண்டாம் என்று றாஹிலா கெஞ்சினாள். தர்மிகா கேட்கவில்லை. தன் பங்கைத் தான் வைத்துக்கொள்வேன் என்றாள்.

இருவரும் முதலில் பொத்தான்களைப் பிரித்தார்கள். ஒன்று ‘முகாமிலிருந்து விடு’, மற்றது ‘அடியோடு அழி’. பிறகு வழிகாட்டியை வரிவரியாக வாசித்து, ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருந்த இடங்களையெல்லாம் தேடினார்கள். வேறும் அகப்பட்டன. பாவித்த நிலையங்களுக்கெல்லாம் றாஹிலா தன் பெயரைப் போட்டே பிழையை அறிவித்தாள். கொழும்பிலிருந்து இந்தப் பதிவுகளைப் பராமரித்தவர்கள் மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துவைத்திருந்த பிரதிகளைக் கொடுத்தார்கள். அவற்றைப் பார்த்து, அழிந்த பெயர்களைத் தம்பிமுத்துவும் அவளும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிந்து, தேடிய குடும்பங்களுக்கு அறிவித்தார்கள். பலர் ஏற்கெனவே தங்கள் ஆட்களைக் கண்டிருந்தார்கள். சொறிக்கல்முனையில் ஒரு பெண், அண்ணன் இருந்த முகாமின் பெயரை இவர்களிடமிருந்துதான் அறிந்தாள். ஒரு பிரதிக்கும் அடுத்த பிரதிக்கும் இடையில் வந்து அழிந்த பெயர்கள் எங்குமில்லை. அவை எத்தனை, யாருடையவை என்று சொல்ல ஒருவருமில்லை. றாஹிலாவுக்கு அந்த இடைவெளிதான் பெரிய பாரமாக இருந்தது.

அடுத்த வருடம் தாயின் திவசத்துக்குக் கலாராணி ஆள் அனுப்பி வரச் சொன்னாள். மன்னித்துவிட்டாளா, அல்லது நீ செய்ததை வந்து பார் என்கிறாளா என்று றாஹிலாவுக்குத் தெரியவில்லை. போனாள். பெண்களோடு பாயில் உட்கார்ந்தாள். சுவரில் தாயின் படம் புதிதாக மாட்டப்பட்டிருந்தது. தினேஸ் நொண்டி நொண்டி எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுத்துக்கொண்டு வந்தான். அவளுடைய முறை வந்தபோது அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். அவன் முகத்தைப் பார்க்க முடிந்தது. சுவரைப் பார்க்க முடியவில்லை.