தஸ்தகீர் போட்ட டிக்

டெக்சாஸ் மாநிலத்து ஆலனில் மளிகைக்கடை வைத்திருந்த தஸ்தகீர், 2003ஆம் ஆண்டில் சரக்கெடுக்க ஹூஸ்டனுக்கு நாற்பத்தொரு முறை வேன் ஓட்டிப் போனார். புறப்பட்ட மைல், திரும்பிய மைல், ஏற்றிய சரக்கு எல்லாவற்றையும் அன்றன்றே ஒரு நோட்டில் தமிழில் குறித்தார். அந்தப் பயணச் செலவை வருமானத்தில் கழித்துக் காட்டியதை வரித்துறை ஏற்கவில்லை. 6,418 டாலர் கூடுதல் வரி கேட்டது.

பிளானோவில் அவருக்கு வரிக்கணக்குப் பார்த்த வாஞ்சிநாதன், வரி நீதிமன்றத்துக்கு மனு தயாரித்தார்.

"இந்தக் கட்டத்துல டிக் போட்டா ஸ்மால் கேஸ் பாய். லாயர் வேணாம், ஈஸியா முடிஞ்சிரும்."

கட்டத்தின் கீழிருந்த குறிப்பை இருவருமே படிக்கவில்லை. தஸ்தகீர் டிக் போட்டுக் கையெழுத்திட்டார்.

2006 அக்டோபரில் டல்லாஸில் விசாரணை நடந்தது. நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பு வேண்டுமென்று தஸ்தகீருக்குத் தோன்றவே இல்லை. தன் கையெழுத்தைத் தானே வாசித்தால் போதாதா? வாசித்தார். நோட்டில் இருப்பதைத்தான் வாசிக்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அரசு வக்கீல் கேட்டார். மார்ச்சில் வந்த தீர்ப்பும் அதையே சொன்னது: மனுதாரரின் வாசிப்பை மட்டும் வைத்து நம்ப இயலாது.

பணத்தை அவர் பெரிதாக நினைக்கவில்லை. 'நம்ப இயலாது' என்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. நோட்டு முழுவதையும் மொழிபெயர்க்கச் செய்து, தீர்ப்புப் பதிவான இருபத்து மூன்றாம் நாள் ஒரு வக்கீலிடம் போனார்.

சாதாரண வழக்கென்றால் தீர்ப்புப் பதிவான நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார் வக்கீல். சிறு வழக்கில் அது கிடையாது. இவருக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை. விசாரணை தொடங்கும்வரை அந்த டிக்கை நீக்கக் கேட்டிருக்கலாம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

வீட்டில் மனைவி தாஜ் நிஷா, படிக்காமல் கையெழுத்துப் போடச் சொன்னது யார் என்றாள்.

"பணத்தக் கட்டிர்றேன். என்னைப் பொய்யன்னு எழுதிட்டாங்களே, அத யார்ட்டப் போய்ச் சொல்றது?"

மறுநாள் காசோலையை அனுப்பிவிட்டு நேரே வாஞ்சிநாதனிடம் போனார்.

"எல்லாருக்கும் அதத்தான் டிக் பண்ணச் சொல்லுவேன் பாய். நீங்க ஒருத்தர்தான் திரும்பி வந்து கேக்குறீங்க."

"எல்லாருக்குமா?"

தஸ்தகீர் மேசையில் கிடந்த மார்க்கரை எடுத்து, வெள்ளைத்தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார்: 'சிறு வழக்கு என்று டிக் போட்டால் மேல்முறையீடு கிடையாது.'

"கிளையண்ட் பயந்துருவாங்க பாய்."

"பயப்படட்டும்."

தாளைச் சுவரில் நான்கு மூலையிலும் டேப் வைத்து ஒட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், அடுத்து வருகிறவர் அதைப் படித்து முடிக்கும்வரை.