பிபி வந்திருக்கு

இன்று காலை சிலமலையிலிருந்து போடிக்கு பஸ்சில் வரும்போது, தான்சானியாவிலிருக்கும் என் தங்கச்சி நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் அவள் மகள். ஆறு வயது.

"பெரியம்மா, கிறிஸ்துமஸ் லீவுக்கு நாங்க ஊருக்கு வரல."

"ஏன்டி தங்கம்?"

"பிபி வந்திருக்கு. அம்மா எந்நேரமும் பிபிகூடத்தான். கிறிஸ்துமஸ் முடிஞ்சுதான் போகும்."

அதோடு போன் கட்டாகிவிட்டது.

எங்கள் அப்பாவை நாற்பத்தெட்டு வயதில் கொண்டுபோனது அந்தப் பிபிதான். போன வாரமே தங்கச்சி குரல் சரியில்லை, மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். கேட்டதற்கு, "பக்கத்து வீட்டாளுகளோட கேக்குக்குப் பழம் நறுக்குற சோலிக்கா, அசதி" என்றாள். பழம் நறுக்கினால் மூச்சு வாங்குமா?

போடியில் இறங்கியதும் முருகனிடம் முறையிட்டுவிட்டு வீடியோவில் கூப்பிட்டேன்.

"எப்ப இருந்துடி பிபி?"

விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"அக்கா, இங்க பாட்டியத்தான் பிபிம்பாங்க! வீட்டுக்காரம்மாவோட ஆத்தா, கிறிஸ்துமஸுக்குக் கிராமத்துல இருந்து வந்திருக்கு. அதுகிட்ட இந்த ஊரு பிலாவு சோறு ஆக்கப் பழகிட்டு இருக்கேன். இவருக்கு லீவு கெடைக்கல, அதான் வரல."

அந்தப் பாட்டியே வந்து என்னைப் பார்த்துக் கையாட்டினார். பதிலுக்குக் கும்பிட்டேன்.

"அது சரி, உனக்கு பிபி எவ்வளவு? கடைசியா எப்பப் பாத்த?"

"அக்கா, நீ பேசுறது கேக்கல, சிக்னல் இல்ல" என்று வைத்துவிட்டாள்.

அதுவரை கணீரென்று கேட்டது. அந்தப் பக்கம் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்: அங்கே சிக்னல், அக்கா கேட்கிற கேள்வியைப் பார்த்துத்தான் போகுமா?