ஐம்பத்தோராம் பக்கத்திலிருந்து

1. "நீ படிச்சியா?"

புத்தகக் கடையில் என் முதல் நாள். முதலில் வந்தவர் கண்ணப்பன் சார். மின்துறையில் வேலை, கடைக்குப் பழைய வாடிக்கையாளர்.

"நல்ல நாவலா ஒண்ணு குடும்மா" என்றார்.

டிஸ்ப்ளே மேசையில் முன்னால் இருந்த தடிமனான ஒன்றை எடுத்து நீட்டினேன். "இது ரொம்ப நல்லா போவுது சார்." பில்லிங்கில் இருந்த ரமேஷ் அண்ணன் காலையில் சொல்லிக்கொடுத்திருந்த வசனம் அது.

"போவுது, சரி. நீ படிச்சியா?"

"இல்ல சார்."

"நீயே படிக்காதத என் தலையில எதுக்குக் கட்டுற?"

புத்தகத்தை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, ஒரு வாரப் பத்திரிகையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். ரமேஷ் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "மொத போணியே அமோகம்மா!"

அன்று சாயங்காலம் அந்த நாவலை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று மதாமிடம் கேட்டேன். மதாம் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்டது முதலாளி அம்மாவை. இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிரான்சில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, மிஷன் வீதியை ஒட்டிய குறுக்குத் தெருவில் இருந்த தாத்தா வீட்டைப் புத்தகக் கடையாக்கியவர். முன் அறைகளில் பிரெஞ்சும் ஆங்கிலமும். உள்ளே, முற்றத்தை ஒட்டிய நீளச் சுவர் முழுக்கத் தமிழ். அந்தச் சுவரைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை எடுத்திருந்தார்.

மதாம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போ. ஆனா திரும்பி வர்றப்ப புதுசாவே வரணும். அது விக்கிற சாமான்."

அப்படித்தான் புத்தகத்தைப் பாதி மட்டும் விரித்துப் படிக்கக் கற்றுக்கொண்டேன். செய்தித்தாளில் அட்டை போட்டுவிட வேண்டும். கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். பக்கங்களை உள்ளங்கை அகலத்துக்கு மேல் திறக்கக் கூடாது; திறந்தால் முதுகில் கோடு விழும், கோடு விழுந்தால் அது பழைய புத்தகம். கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இன்றும் பில் போடுவதற்கு முன்னால் இதைத்தான் காட்டிக்கொடுக்கிறேன்.

எங்கள் வீடு முதலியார்பேட்டையில். அப்பா தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லோடு ஏற்றுகிறார். அவரும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதலில் பி.ஏ. முடித்தது நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் அம்மாவுக்கு ஒரு குழப்பம். "கடைல வேலைன்னு சொன்ன, சரி. வூட்டுக்கு வந்தும் ஏன்டி அதயே தொறந்தும் தொறக்காமயும் வச்சிகிட்டு எட்டி எட்டிப் பாக்குற?"

"இதுவும் வேலதாம்மா."

"நல்ல வேல! ஒக்காந்துகிட்டே!"

அடுத்த வாரம் கண்ணப்பன் சார் வந்தார். "சார், அன்னைக்கு ஒங்களுக்குக் குடுத்த நாவலைப் படிச்சிட்டேன். ஒங்களுக்கு அது வேணாம்" என்றேன். வேறொன்றைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அதிலிருந்து என்னிடம் கேட்காமல் அவர் எதையும் வாங்கியதில்லை.

2. யாருக்கு வேண்டும்?

நல்ல புத்தகம் எது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இவருக்கு எது நல்ல புத்தகம் என்பது, கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் தெரிந்துவிடும். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி மாமனாருக்குப் பிறந்தநாள் பரிசு தேடி வந்தாள். "எது குடுத்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சிப்பாருக்கா." நகைச்சுவைக் கட்டுரைகள் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வாசலில் நின்றே கத்தினாள்: "அக்கா! சிரிச்சிட்டாரு!"

குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். "நடுவுல கொஞ்சம் இழுக்கும், தாண்டிட்டீங்கன்னா ஓடும்" என்பேன். அப்படிச் சொன்னால் விற்பனை குறையும் என்றார் ரமேஷ் அண்ணன். குறையவில்லை. நான் குறை சொல்லாத புத்தகத்தை ஜனங்கள் நம்பி வாங்கினார்கள்.

அப்போதுதான் அந்த மில் நாவல் வந்தது. கடலூரில் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் எழுதிய முதல் நாவல். முன்னட்டையில் ஒரு புகைபோக்கி. மில் தொழிலாளி ஒருவனுக்கும் தறிப் பிரிவு மேஸ்திரியின் மகளுக்கும் நடக்கும் கதை, நடுவே ஒரு வேலைநிறுத்தம். அருமையான கதை. ஆனால் அது ஐம்பத்தோராம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். முதல் ஐம்பது பக்கமும் கேட்டில் நுழைந்து மில்லைச் சுற்றிக் காட்டுவதுதான். பஞ்சு பிரிக்கும் இடம், நூல் நூற்கும் இடம், தறிகள், சத்தம், தூசு. மில் சங்குச் சத்தத்தில் எழுந்து பள்ளிக்கூடம் போனவள் நான். மில்லைப் பற்றி எனக்கு இன்னொருவர் ஐம்பது பக்கம் சொல்ல வேண்டுமா என்று இருந்தது.

முதலில் வாங்கிப்போனவர்கள் இரண்டு மூன்று பேர் பாதியில் நிறுத்திவிட்டு வந்து சொன்னார்கள், "ஓடலம்மா." அதன் பிறகு எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். "அம்பத்தோராம் பக்கத்துலேர்ந்து படிங்க. முடிச்சிட்டு, புடிச்சிருந்தா மொதல்லேர்ந்து வாங்க." அப்படிப் படித்தவர்கள் எல்லோரும் முடித்தார்கள். கண்ணப்பன் சார் தன் ஆபீஸ் ஆட்கள் நாலு பேரை வாங்க வைத்தார்.

ஒரே ஒருவர் மட்டும் கேட்கவில்லை. ஆரோக்கியமேரி அம்மா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பேரனுக்குப் படக்கதை வாங்க வந்தவர், அட்டையில் இருந்த புகைபோக்கியைப் பார்த்து அந்த நாவலைக் கையில் எடுத்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"ஏம்மா, முழுக் காசு வாங்குறல்ல? அப்ப அந்த அம்பது பக்கத்த நீ எடுத்து வச்சிக்கப்போறியா?"

"இல்லம்மா, போரடிக்கும்னு..."

"அடிக்கட்டும். எங்காசு."

3. சுவர் கேட்டு வந்தவர்

அந்த வருடக் கோடையில் ஒருவர் வந்து தமிழ்ச் சுவரை அளந்து பார்த்துவிட்டுப் போனார். ஊதுபத்தி, கைக்காகித டைரி, மெழுகுவத்தி, போஸ்ட்கார்டு சப்ளை செய்கிறவர். சனி, ஞாயிறில் வரும் டூரிஸ்டுகளுக்கு அதுதான் வேண்டும், இடம் கொடுத்தால் தானே மர ரேக் அடித்துத் தருவதாகச் சொன்னார்.

மதாம் என்னைக் கூப்பிட்டார். "நான் தமிழ் புக்ஸ் மேல ஆசப்பட்டுத்தான் வச்சேன். ஆனா பண்டல் பிரிக்காமலே பாதி ரிட்டர்ன் போவுது. என்ன செய்யட்டும், சொல்லு?"

சுவர் போனால் என் வேலையும் போகும். வேறு வேலை கிடைக்காது என்ற பயம் எனக்கு இல்லை. ஆனால் அந்தச் சுவரில் இருந்த பாதிப் புத்தகத்தை நான் படித்திருந்தேன். ஊதுபத்திக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"எழுத்தாளர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்தலாம் மதாம். மாசம் ஒண்ணு. மொத கூட்டத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"பொன்னாடை, வாழ்த்துரை, நன்றியுரை... எல்லாரும் தூங்குவாங்க."

"அது எதுவும் வேணாம். அவர் கொஞ்ச நேரம் படிக்கட்டும். அப்பறம் படிச்சவங்க பேசட்டும்."

மதாம் யோசித்தார். "போன்" என்றார். பிரெஞ்சில் சரி என்று அர்த்தம். "நல்லா நடந்தா சுவர் உன்னுது. நடக்கலன்னா அந்த ஆளுக்கு போன் போட்டுடுவேன்."

மில் நாவல்காரருக்குக் கடிதம் போட்டேன். உடனே வருவதாகப் பதில் வந்தது. இதுவரை யாரும் தன்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை என்று எழுதியிருந்தார். அந்த நாவலை வாங்கியவர்களை எல்லாம் நானே நேரில் பார்த்து அழைத்தேன். ஆரோக்கியமேரி அம்மாவைச் சந்தையில் பார்த்துச் சொன்னேன்.

யாரை அழைத்தேன் என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அவர்களிடம் என்ன சொல்லி விற்றேன் என்பது அன்று ஞாபகத்தில் இல்லை.

4. கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் வாடகை நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ரமேஷ் அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். எழுத்தாளர் ஒல்லியான மனிதர், சட்டையை நன்றாக இஸ்திரி போட்டு வந்திருந்தார். எந்தப் பகுதியைப் படிக்கப்போகிறார் என்று நான் கேட்டு வைக்கவில்லை. அவர் முதல் அத்தியாயத்தைப் படித்தார். நிதானமாக, வாக்கியம் வாக்கியமாக. கூட்டம் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. மதாம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பார்த்தேன்.

படித்து முடித்ததும் கண்ணப்பன் சார் எழுந்தார்.

"சார், நாவல் பிரமாதம். ஆனா நீங்க இப்ப படிச்சது எனக்குப் புதுசு. நான் அம்பத்தோராம் பக்கத்துலேர்ந்துதான் படிச்சேன்."

எழுத்தாளருக்குப் புரியவில்லை. "ஏன்? பக்கம் விட்டுப்போன காப்பியா?"

"இல்ல இல்ல. அதோ அந்தப் பொண்ணுதான் முன்னாடி இருக்கறத உட்டுட்டுப் படிக்கச் சொல்லிச்சி."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எனக்கும்" என்றது இன்னொன்று. ரமேஷ் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். மதாம் அசையவில்லை.

எழுத்தாளர் என்னைத் தேடிப் பார்த்தார். "நீங்களா கூப்பிட்டீங்க என்னை?"

எழுந்து முன்னால் போனேன். "நான்தான் சார். அப்படிச் சொல்லித்தான் வித்தேன்."

"அப்ப அந்த அம்பது பக்கம் குப்பையா?"

"குப்பைன்னு சொல்லல சார். மொதல்ல வாங்கினவங்க அதைத் தாண்ட முடியாம நின்னுட்டாங்க. நல்ல கதை பின்னால இருக்கறப்ப வாசல்லயே திரும்பிப் போறாங்களேன்னு, வேற வழியா உள்ள கூட்டிட்டுப் போனேன்."

"நாலு வருஷம் மில் மில்லா அலைஞ்சது அந்தப் பக்கங்களுக்காகத்தான்மா. காதல் கதையை யாரு வேணாலும் எழுதுவான்." கையில் இருந்த புத்தகத்தை மூடினார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"ஐயா, ஒக்காருங்க" என்றார் ஆரோக்கியமேரி அம்மா. அவர் எழுந்திருக்கவில்லை, நாற்காலியில் இருந்தே பேசினார். "எனக்கும் இந்தப் பொண்ணு அதத்தான் சொல்லிச்சி. காசு குடுத்துட்டு எதுக்கு உடணும்னு மொதல்லேர்ந்து படிச்சேன். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவ. இன்னும் அந்த அம்பது பக்கத்தத் தாண்டல."

சிலர் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. தாண்டப் புடிக்கல, அதான் தாண்டல. எம் வூட்டுக்காரரு மில்லுலதான் இருந்தாரு. கல்யாணமான நாள்லேர்ந்து சாப்பாட்டுக் கேரியரக் கேட்டாண்ட குடுத்துட்டு வருவேன். வாட்ச்மேனுக்கு அந்தாண்ட என்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. அவரும் சொல்ல மாட்டாரு. வூட்டுக்கு வந்தா பேச்சே இருக்காது. நான் எதனா கேட்டா, 'ஆங், ஆங்'னு ரெண்டு தடவ கேட்டுட்டுப் படுத்துப்பாரு. நம்மளப் புடிக்கலபோலன்னு இருந்துட்டேன். போய்ச் சேந்தும் வருசமாவுது." எழுத்தாளரைப் பார்த்துக் கையை நீட்டினார். "தறி ஓடற சத்தத்துல காது எப்படி மந்தமாப் போவும்னு நீங்க எழுதிக்கிறீங்களே. ஷிப்ட் முடிஞ்சி வெளிய வந்தப்பறமும் காதுக்குள்ள தறி ஓடிகிட்டே இருக்கும்னு. அதப் படிச்சப்பறந்தான் எனக்குத் தெரியும், அவருக்கு நான் பேசனது கேக்கலன்னு."

எழுத்தாளர் உட்கார்ந்தார். மூடிய புத்தகத்தை மறுபடி திறந்தார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "இப்ப என்ன சொல்றீங்க?"

"அம்மாவுக்கு நான் சொன்னது தப்பான யோசனை சார். கண்ணப்பன் சாருக்குச் சொன்னது சரியான யோசனைதான்."

"அடேங்கப்பா!" என்றார் ரமேஷ் அண்ணன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"அதெப்படி நீ சொல்லலாம்? நான் வூட்டுக்குப் போய் மொதல்லேர்ந்து படிச்சிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று கண்ணப்பன் சார் என் மேல் பாய்ந்தார். பின்வரிசைக் கல்லூரி மாணவன் ஒருவன், ஐம்பது பக்கத்தையும் நாவலுக்குக் கடைசியில் வைத்திருக்க வேண்டும் என்றான். எழுத்தாளர் அவனோடு சண்டைக்குப் போனார். டீயும் பப்ஸும் ஆறிப்போயின. கடையை மூடும் நேரம் தாண்டியும் எழுந்து போக ஆளில்லை. அன்றைக்கென்று வரவழைத்த பண்டலில் ஒரு பிரதிகூட ரிட்டர்ன் அனுப்ப மிஞ்சவில்லை.

5. கையெழுத்து

எல்லோரும் கையெழுத்து வாங்கிய பிறகு, நான் படித்த பிரதியை நீட்டினேன். செய்தித்தாள் அட்டையைப் பிரித்துவிட்டு அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது புதுசா இருக்கே. நிஜமாவே படிச்சீங்களா?"

பாதி விரித்துப் படிக்கும் முறையைச் சொன்னேன். விற்க வேண்டிய புத்தகம் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே, ஆரோக்கியமேரி அம்மா சொன்ன தறிச் சத்தப் பக்கத்தைத் திறந்தார். மேசையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். முதுகு பட்டென்று உடைந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே இத விக்க முடியாது. நீங்கதான் வாங்கணும்."

வாங்கினேன்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மதாம் விளக்கை அணைக்க வந்தார். சுவரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. "அடுத்த மாசம் யார சண்டைக்குக் கூப்புடப்போற?" என்று மட்டும் கேட்டார். ஊதுபத்திக்காரருக்கு வாசல் பக்கம் ஒரு மூலை கிடைத்தது. தமிழ்ச் சுவர் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். புத்தகத்தைப் படித்துவிட்டு விற்பது பாதி வேலைதான். அந்த நாவலை யாராவது எடுத்தால் இப்போது நான் முதலில் கேட்பது, "ஒங்க வூட்ல யாராவது மில்லுல இருந்தாங்களா?" என்றுதான். இருந்தார்கள் என்றால் வாயை மூடிக்கொள்வேன். இல்லை என்றால், ஐம்பத்தோராம் பக்கம்.

அந்த ஐம்பது பக்கத்தையும் நான் திரும்பப் படித்தேன். எனக்கு இன்னும் இழுக்கத்தான் செய்கிறது. என்னுடைய மற்ற புத்தகங்களை எல்லாம் இன்றும் பழக்கத்தில் பாதிதான் விரிக்கிறேன். அது ஒன்று மட்டும், எடுத்து மேசையில் வைத்தால், தறிச் சத்தம் வரும் பக்கத்தில் தானாக முழுசாக விரிந்துகொள்கிறது.