அண்ணன் பெயரில் போன சிப்பாய்

நெம்பாங் வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் தில்பிக்ரம், இளையவன் ரண்தோஜ். இங்கிலீஷ் பட்டாளத்துக்குக் கூர்க்கா ஆள் எடுத்த வருடம் ஊர்த்தலைவர் மூத்தவனுக்குத்தான் சீட்டு எழுதிக் கொடுத்தார். உயரம் அளக்கும் நாளில் அவனுக்குக் குளிர்காய்ச்சல். சீட்டு வீணாகிறதே என்று பதினாறு வயது இளையவன் அதை இடுப்பில் செருகிக்கொண்டு மலை இறங்கினான். எத்தனையோ வீட்டில் நடந்ததுதான். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

போர்னியோக் காடு, ஹாங்காங் என்று பன்னிரண்டு வருடம் ரண்தோஜ், தில்பிக்ரமாகவே இருந்தான். ஊர் திரும்பி, அப்பன் நிலத்தில் பங்கு பிரிக்க வேண்டி, குடியுரிமைச் சீட்டைச் சொந்தப் பெயரில் எடுத்தான்.

வயதாயிற்று. மனைவி போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள் புங்மாயா புருஷனோடு இங்கிலாந்தில். பழைய சிப்பாய்கள் அங்கே வந்து குடியிருக்கலாம் என்று சட்டம் வந்ததும் போனில் அழுதாள். "கண்ணு சரியாத் தெரியாம அங்க தனியா என்னப்பா பண்றீங்க? வந்துடுங்க."

அப்படிப் போக, பட்டாளப் புத்தகத்தில் இருப்பவரும் குடியுரிமைச் சீட்டில் இருப்பவரும் ஒரே ஆள் என்று வார்டு ஆபீஸ் எழுதித் தரவேண்டும். அண்ணனையும் சாட்சிக்குக் கூட்டிப் போனார் ரண்தோஜ்.

"தில்பிக்ரம் யாரு தாத்தா?" என்றான் குமாஸ்தா.

"நாந்தான்," என்றார் அண்ணன்.

"பட்டாளத்துல இருந்த தில்பிக்ரம்?"

"அது இவன்."

"நல்லா இருக்கே! நீங்க உயிரோட எதிர்ல உக்காந்திருக்கறப்ப, நீங்களும் இவரும் ஒரே ஆளுன்னு எழுதினா என் வேலை போயிடும்."

வரும் வழியில் அண்ணனுக்குச் சிரிப்பு. "காகிதமெல்லாம் எனக்குத்தான்டா பொருந்துது. நானே போய் உன் மக கையால சாப்பிட்டு வரட்டுமா?"

"போயேன். பரேடுல விட்டா வலது கால் எது, இடது கால் எதுன்னு தெரியாது உனக்கு."

"அப்ப நான் செத்தாத்தான் உனக்கு வழி."

"வாயக் கழுவு அண்ணே."

மூன்றாம் பனிக்காலத்தில் அண்ணன் செத்துப்போனார். உப்பில்லாத சோறு தின்று நாலு நாள் தீட்டுக் கழிந்ததும் மகள் கூப்பிட்டாள். "அப்பா, பெரியப்பா சாவைப் பதிய வேணாம். பதிஞ்சா அந்தப் பேரே செத்துரும். குமாஸ்தா மாறிட்டாராம். பெரியப்பாவோட குடியுரிமைச் சீட்டை மறைச்சுட்டா, ரெண்டு பேருமே உங்க பேருதான்னு எழுதி வாங்கிடலாம்."

ரண்தோஜ் அண்ணியிடம் போய் மென்று விழுங்கிக் கேட்டார். அவளுக்கோ விதவை உதவிப் பணத்துக்கு அந்தப் பதிவு வேண்டும். ஆனால் அதை அவள் சொல்லவில்லை.

"ஒரு தடவை அவரு பேரை எடுத்துட்டுப் போனே தம்பி. சாகறப்பவாவது அது அவருக்கே இருக்கட்டுமே."

மறுநாள் அண்ணன் சாவைப் பதிய ரண்தோஜே சாட்சியாகப் போனார். புதுக் குமாஸ்தா எழுதிக்கொண்டே கேட்டான். "செத்தவர் பட்டாளத்துல இருந்தாரா?"

"இல்ல. வயக்காட்டு வேலைதான் பார்த்தார்."

காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வந்தார். மகளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாள் போனை அணைத்தே வைத்திருந்தார்.