நிறையாத மரக்கால்

கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கும் மகள் லேப்டாப்பைக் காட்டினாள். "கம்ப்யூட்டர் ஜீரோவுல இருந்துதான்ப்பா எண்ணும்."

வத்திராயிருப்புக் களத்தில் என் அப்பா ஒன்று என்றுகூடச் சொல்லமாட்டார். நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு "லாபம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அடுத்ததற்குத்தான் "ரெண்டு" என்பார். நெல் சுணை கழுத்தில் அரிக்க அரிக்க நான் பக்கத்திலேயே நிற்பேன்.

கண்மாய் வறண்ட வருடம் தூற்றியதெல்லாம் பதராய்ப் பறந்தது. களத்தைக் கூட்டி அள்ளிப் போட்டும் முதல் மரக்காலே நிறையவில்லை. அப்பா வாய் திறந்தபடி நின்றார்.

"சொல்லுங்க," என்றாள் அம்மா.

"நெறையலையேட்டி. என்னன்னு சொல்ல?"

அம்மா அதை மடியில் கொட்டிக்கொண்டாள். மறு வருடம் அந்த வயல் எங்களுடையதாக இல்லை.

"ஜீரோவுக்குப் பொறவுதான்ப்பா மத்ததெல்லாம் வரும்," என்றாள் மகள்.

எங்கள் களத்துக்கு அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.