மல்லாட்டை மூட்டை மேல் ஒரு கார்

கார் ஒன்றை மல்லாட்டை மூட்டைகளின் மேல் நிறுத்திவிட்டு அதன் அடியில் படுத்துக்கொள்ளலாம் என்று ஒரு காலைப்பொழுது முழுவதும் மனதார நம்பியவன் நான். அப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. சட்டம் படித்தவன். வீட்டில் இரண்டு பீரோ நிறையப் புத்தகங்கள். அதில் ஒன்று மோட்டார் வாகனங்களைப் பற்றியது. அதைப் படித்ததால்தான் இத்தனையும் நடந்தது என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். முழுவதும் படிக்காததால் நடந்தது என்பது என் கட்சி.

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. செஞ்சியில் நின்றுகொண்டு வேர்க்கடலை என்று சொன்னால், வெளியூர்க்காரன் என்று விலையை ஏற்றிவிடுவார்கள்.

கார் என் மாமனாருடையது. முப்பதுகளில் கப்பலேறி வந்தது. அவர் காலமான பிறகு மாட்டுக்கொட்டகையில் நின்றது. எருமைக்கு இடம் போதவில்லை என்று மாமியார் அதை எனக்குக் கொடுத்தார். அப்போது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை, மகளைக் கொடுத்தபோதுகூட நான் பார்த்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். அடுத்த வீட்டுக்காரர் கடைவீதியில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். எங்கள் பக்கத்துச் சமணர். ஊரே அவரை நயினார் என்றுதான் கூப்பிடும். அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தொண்டூர். கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை மாப்பிள்ளையை என் காரில் அழைத்து வருவது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.

முதல்நாள் காலையில் பார்த்தால் கார் இடது பின்பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்திருந்தது. ஊரில் இருந்த ஒரே மெக்கானிக் தன் மைத்துனன் கல்யாணத்துக்குப் போயிருந்தார், அப்படிப்பட்ட முகூர்த்தம். வேறு பட்டை ஒன்று என்னிடம் இருந்தது. புத்தகமும் இருந்தது.

நயினார் ஓடி வந்தார். "சார், மாப்ள பஸ்சுல வந்து எறங்கினா என் மானம் போயிடும். காருல வந்து லேட்டாச்சின்னா அவரு வயிறு காஞ்சிடும். பொழுது போச்சின்னா அவங்க வூட்ல பச்சத்தண்ணிகூட பல்லுல படாது. தெரியுமில்ல?"

தெரியும். அவர்களுக்கு இருட்டிய பிறகு சாப்பாடு கிடையாது. போதாக்குறைக்கு எங்கள் ஊரில் சூரியன் மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே காணாமல் போகும். மேற்கே ராஜகிரி மலை நிற்கிறது. மலைக்குப் பின்னால் போனதே பொழுது போனதாகுமா என்று நயினார் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. மாப்பிள்ளை வீடு கண்டிப்பான கட்சி. கார் தாமதமானால், ஒரு மனிதர் பட்டினியோடு விடிய விடிய விழித்திருந்து தாலி கட்ட வேண்டும். அதற்குக் காரணம் நானாக இருப்பேன்.

வாசல் மண்ணிலேயே ஜாக்கியைப் போட்டேன். கார் மேலே போவதற்குப் பதில் ஜாக்கி கீழே போயிற்று. பலகை ஒன்றை அடியில் கொடுத்து ஒருவழியாகத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே, உறுதியான தாங்கிகளை வை என்று புத்தகம் சொன்னது. எப்படிப்பட்ட தாங்கி என்று படம் போட்டிருந்த பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது.

"தாங்கறதுக்குத்தானே சார்? நம்ம மூட்டை இருக்குதே!" என்றார் நயினார். "மண்டியில கூரை முட்ட அடுக்கி வெச்சிருக்கேன். அடிமூட்டை ஐயோன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல."

எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. பாரம் பரவலாக இறங்கினால் எதுவும் தாங்கும் என்று அவருக்கு ஒரு சிறு பிரசங்கமே செய்தேன். மூட்டை மேல் மூட்டை பரவி உட்காரும், காரின் இரும்புச் சட்டமோ கத்தி மாதிரி உட்காரும் என்பதும், மல்லாட்டை ஓட்டுக்குள் பாதி வெறும் காற்று என்பதும் பிரசங்கத்தில் விட்டுப்போயின. மூட்டைகள் வந்தன. சட்டத்துக்கு அடியில் அடுக்கி, ஜாக்கியைத் தளர்த்தி எடுத்தேன். கார் நின்றது! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தேன்.

"ஏங்க," என்றாள் மனைவி, "உள்ள போறதுக்கு முன்னால வண்டிய ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்க."

"புத்தகத்தில் அப்படி ஒன்றும் போடவில்லை."

"போடலன்னா இன்னா? நான் பொட்டு வெச்சிக்கறதா, வேணாவா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே கதவில் கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். அடியிலிருந்து படபடவென்று ஒரு சத்தம். பிறகு கார், பந்தியில் உட்காரும் பெரியவரைப் போல, மெதுவாக, முனகிக்கொண்டே இறங்கி உட்கார்ந்தது. நான் படுத்திருக்க வேண்டிய இடத்தில் ஓர் உள்ளங்கை உயரம்தான் மிச்சம்.

தெருவில் போன ஆடு ஒன்று வாசனை பிடித்து வந்து கிழிந்த மூட்டையில் வாயை வைத்தது. நயினார் அதை விரட்டக்கூட இல்லை. "எண்ணெய்க்குத்தான் சார் ஆட்டறதா இருந்தேன்," என்றார். "பாதி வேல முடிஞ்சிடுச்சி."

மனைவி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் நயினார் தலையில் அடித்துக்கொண்டார். "மூட்டைய எடுத்தாந்துட்டு, மூட்டைக்கு அடியில கெடக்கிற கட்டைய உட்டுட்டு வந்துட்டமே சார்!" ஈரம் ஏறாமலிருக்க மண்டித் தரையில் போட்டிருந்த கனமான புளியங்கட்டைகள் வண்டியில் வந்தன.

இந்த முறை மண்ணே வேண்டாம் என்றாள் மனைவி. செஞ்சியில் யார் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு பாறை இருக்கும். எங்களுடையது நெல் காயவைக்கும் தட்டைப் பாறை. காரைத் தூக்கிச் சக்கரத்தை மாட்டி, கல்யாணச் சமையல்காரர்கள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து கை கொடுக்க, அங்கே தள்ளிச் சேர்த்தோம். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் முட்டுக் கொடுத்தோம். ஜாக்கியால் தூக்கி, சட்டத்தின் இரு பக்கமும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பாரத்தை அவற்றின் மேல் இறக்கினோம். மறுபடி கழற்றிய சக்கரத்தையும் அடியில் படுக்கப் போட்டோம். எல்லாம் கைவிட்டாலும் அது ஒரு ஆறுதல்.

பிறகு மனைவி ஆணையிட்டாள்: "எல்லாரும் வந்து ஆட்டுங்க!"

சமையல்காரர்கள் ஆட்டினார்கள். பந்தல் போட வந்தவர்கள் ஆட்டினார்கள். தவுல்காரர் தவுலை இறக்கி வைத்துவிட்டு வந்து தோளைக் கொடுத்தார். மருதாணிக் கையை உயர்த்திப் பிடித்தபடி கல்யாணப் பெண்ணே முதுகால் ஒரு முட்டு முட்டினாள். "அசையுதா பாரு!" "உன் வூட்டு இட்லிதான் அசையும், வண்டி அசையாது!" கார் அசையவில்லை. ஏதோ தேர் நிலைக்கு வந்ததுபோல எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் உள்ளே போனேன். மனைவி பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவ்வப்போது குரல் வரும்: "இருக்கீங்களா?"

"இருக்கேன்."

உடைந்த பட்டையைக் கழற்றிப் புதியதை மாட்டி முடிக்கும் வரை எங்களுக்குள் இந்த ஒரே உரையாடல்தான். எங்கள் இல்லறத்தில் இதைவிட அன்பாகப் பேசிக்கொண்டதாக நினைவில்லை.

வெயில் தாழும்போது தொண்டூரிலிருந்து மாப்பிள்ளையோடு திரும்பினேன். கார் நேராக நின்றது, நேராக ஓடியது. என் பார்வை பாதையில் பாதி, ராஜகிரி மேல் நின்ற சூரியனில் பாதி. கடைவீதி முனையில் நயினார் மலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். என் ஹாரன் கேட்டதும் அந்தப் பெரிய மனிதர் தெருவில் ஒரு குதி குதித்தார். மேளம் முழங்க மாப்பிள்ளை இறங்கினார், இலை போட்டாயிற்று, சூரியன் மலையைத் தொடவில்லை. எனக்குத் தனியாக ஒரு மாலை போட்டார்கள். மாப்பிள்ளை நாலு வாய்தான் சாப்பிட்டார். புது இடம், கூச்சம் என்று நான் பெருந்தன்மையோடு நினைத்துக்கொண்டேன்.

மறுவீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தார். "அன்னைக்குச் சரியாவே சாப்பிடலையே மாப்பிள்ளை, கூச்சமா?" என்று கேட்டேன்.

"கூச்சம்லாம் ஒண்ணுமில்லீங்க சார்," என்றார் அவர் மரியாதையாக. "உங்க வண்டின்னு சொன்னதுமே, எங்கம்மா தொண்டூர்லயே வயிறு நெறைய சோறு போட்டுத்தான் ஏத்தி உட்டாங்க."